குடித்தது அவர், சோகை எனக்கு

குடிக்கப் போன ஊருக்கே குடியை நிறுத்தவும் போனார் என் கணவர். நெய்வேலியில் மைன்ஸ் வேலை பார்க்கும் சிலருக்குப் பாண்டிச்சேரி என்றால் கடற்கரை நினைவுக்கு வராது. அவரும் அந்தச் சிலரில் ஒருவர். லீவு கிடைத்தால் நண்பர்களோடு பஸ் ஏறிவிடுவார். போன வருஷம் அதே பஸ்ஸில், அதே ஜன்னல் ஓரத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கால் இரண்டும் எரிகிறது, கை நடுங்குகிறது, நிலக்கரி ஓடும் கன்வேயர் பக்கத்தில் நிற்கவே பயமாக இருக்கிறது என்று அவராகவே வாயைத் திறந்து சொன்ன பிறகு நடந்தது அது. நான் அழுதபோதெல்லாம் கேட்காதவர் கன்வேயருக்குப் பயந்தார்.

சேர்த்த சிகிச்சை மையத்துக்கு நேர் எதிரில் ஒரு ஒயின் ஷாப். அந்த ஊரில் அது இல்லாத இடமாகப் பார்த்து ஆஸ்பத்திரி கட்டுவது கஷ்டம்தான். அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி உள்ளே போனோம்.

குடியை நிறுத்த நெருப்பு மாதிரி ஏதோ மருந்து கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் போட்டது வைட்டமின் ஊசி. அங்கிருந்த டாக்டர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவார்.

"தொடர்ந்து குடிச்சா உடம்புல பி ஒன் வைட்டமின் தங்காதும்மா. அது இல்லாம நரம்பு வேலை செய்யாது, மூளையும் குழம்பும். கால் எரியிறது அதனாலதான். நீங்க என்ன சமைச்சுப் போட்டிருந்தாலும் இவ்வளவு நாளா அதுல பாதி கூட ஒட்டியிருக்காது."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. எத்தனை வருஷச் சாம்பார், எத்தனை வருஷக் கீரை! அவ்வளவும் ஒட்டவில்லையாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைகளோடு சாப்பாட்டுக்கும் சொல்லி அனுப்பினார். முட்டை, பருப்பு, மீன், கீரை, பழம். ஒரே வேளையில் நிறைய வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. "முக்கியமா வயிறு காலியா இருக்கக் கூடாது. இப்போதைக்கு இவருக்குப் பசிக்கும் குடிக்கணும்னு தோணுறதுக்கும் வித்தியாசம் தெரியாது. எது தோணினாலும் முதல்ல சாப்பிடச் சொல்லுங்க."

குவார்ட்டர்ஸுக்கு வந்த மறுநாள் காலையிலேயே பாத்ரூமிலிருந்து சத்தம். "இங்க வா! ஈரல் போச்சு, எல்லாம் போச்சு! மஞ்சக் காமாலை!" ஓடிப் போய்ப் பார்த்தேன். அந்த மாதிரி மஞ்சளை நான் சேலையில்கூடக் கண்டதில்லை. பதறிப்போய் மையத்துக்குப் போன் போட்டேன். எடுத்த நர்ஸ் நான் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். "கண்ணு மஞ்சளா இல்லையே? அப்ப அது வைட்டமின் மாத்திரையோட கலர்ங்க. எல்லார் வீட்டுலேர்ந்தும் முதல் நாள் இந்த போன் வரும்."

அவரிடம் சொன்னேன். "அப்ப உள்ள போறது அப்படியே வெளிய வந்துடுதா?" என்றார். அதே கேள்வியை அவர் பிராந்தியைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

சாயங்காலம்தான் மோசம். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்து உட்கார்ந்தால், வழக்கமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பும் நேரம் வந்துவிடும். கால் தானாக வாசலைப் பார்க்கும். அந்த நேரத்துக்குச் சரியாகச் சுண்டல் கிண்ணத்தை நீட்டுவேன். ஒருநாள் கொண்டைக்கடலை, ஒருநாள் பட்டாணி. கை நடுங்கி ஸ்பூன் கிண்ணத்தில் டக் டக்கென்று தட்டும்.

"இதேதான் பார்லயும் குடுப்பான்," என்றார் முதல் நாள்.

"நல்லா இருக்கா?"

"வெறும் சுண்டல் இவ்வளவு உப்பா இருக்கும்னு இப்பதான் தெரியுது." இன்னொரு வாய் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "கொஞ்ச நேரம் கூட உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். அந்த மாதங்களில் என் வேலையே அதுதான். அவர் சாப்பிடுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். கண்ணில் பட்டால் ஆசை வரும் என்று வீட்டில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் பாட்டிலைக்கூட மாற்றினேன், அது பழைய குவார்ட்டர் பாட்டில் என்பதால்.

டவுன்ஷிப்பில் செய்தி பரவுவதற்கு மைக் வேண்டாம். அவர் குடித்த காலத்தில் எங்கள் வாசலைக் கடக்கும்போது நடையை வேகமாக்கியவர்கள், குடியை விட்டதும் வாசல் ஏறி வந்தார்கள். ஒருவர் கீழாநெல்லி கொண்டுவந்தார், ஒருவர் கரிசலாங்கண்ணி. எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா முருங்கைக்கீரையை உருவியே கொடுத்தனுப்பினாள். எங்கள் தோட்டத்திலேயே முருங்கை மரம் நிற்கிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இவர்களை எல்லாம் தோற்கடித்தவன் என் அண்ணன். திருவதிகைப் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து ஒரு பலாப்பழத்தோடும் ஒரு பெரிய பாட்டிலோடும் வந்து இறங்கினான்.

"மாப்ள, இது அரிஷ்டம். நாட்டு மருந்து. காலையில ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி. போன சத்தெல்லாம் திரும்பிக்கினு வரும்."

கணவர் மூடியைத் திருகி முகர்ந்தார். பல நாளாகக் களையில்லாமல் இருந்த முகம் பளிச்சென்று ஆனது. பாட்டிலைப் பிடித்திருந்த கை நடுங்கவே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்து அதை வாங்கி ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். பொடி எழுத்தில், தானாக உண்டாகும் ஆல்கஹால் இதில் இருக்கிறது என்று போட்டிருந்தது.

"அண்ணே, இதுல சாராயம் இருக்கு."

"ஏய், அது மருந்து. பிள்ளை பெத்தவளுக்கெல்லாம் குடுக்குறாங்க. நீ ஒண்ணு, படிச்சிக்கினு."

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் மூடியை இறுக்கித் திருகி அண்ணன் மடியிலேயே பாட்டிலை வைத்தார். "கொண்டு போயிருங்க மச்சான். எனக்குப் பழகின வாசனை இது." சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அண்ணனுக்கு வருத்தம். பலாப்பழத்தை மட்டும் வைத்துவிட்டுப் பாட்டிலோடு போனான். வழியில் பஸ் ஸ்டாண்டில் அவனே கொஞ்சம் சத்தேற்றிக்கொண்டதாக அண்ணி பிறகு சொன்னாள்.

இரண்டு மாதத்தில் நடுக்கம் நின்றது. கால் எரிச்சல் குறைந்தது. கன்னத்தில் சதை போட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் ஊருக்கு உபதேசம் செய்ய ஆரம்பித்தார். கேன்டீனில் பரோட்டாவைத் தொட்டவனை விடுவதில்லை. "வெறும் மைதா. அதுல என்ன இருக்கு சொல்லு? பி ஒன் இருக்கா?" கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு "பி ஒன்" என்றே பேர் வைத்துவிட்டார்கள். முன்பு வைத்திருந்த பேருக்கு இது எவ்வளவோ மேல். வீட்டில் கீரையை நான் எவ்வளவு நேரம் வேகவைக்கிறேன் என்று அடுப்படி வாசலில் நின்று பார்ப்பார். அரிசியைக் கழுவும்போது, "போதும், போதும், சத்தெல்லாம் தண்ணியில போகுது" என்பார். குடித்துவிட்டு வந்த காலத்தில் அடுப்படி எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குத் தெரியாது. அந்த ஒரு வசதி எனக்குப் போய்விட்டது.

மறுபரிசோதனைக்கு மறுபடியும் பாண்டிச்சேரி போனோம். டாக்டர் அறை மாடியில். கணவர் படிகளில் விறுவிறுவென்று ஏறி மேலே போய் நின்றுகொண்டார். நான் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. காதுக்குள் இரைச்சல்.

"என்ன, ஏற முடியலையா? வெயிட் போட்டுட்ட போல," என்று மேலே இருந்து சிரித்தார்.

எனக்குப் பின்னால் படி ஏறி வந்த டாக்டர் நின்றார். என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அறைக்குள் போனதும் அவரை ஒரு ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, நோயாளி நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்.

"மாதவிடாய் எப்படி இருக்கு?"

கணவர் சுவரில் இருந்த படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நான் மெல்லச் சொன்னேன். இரண்டு வருஷமாக அதிகம்தான், வயசு அப்படி என்று விட்டுவிட்டேன்.

"டீ எத்தனை தடவை?"

"அதுலதான் ஓடுது டாக்டர். சாப்பிட்டதும் ஒண்ணு, சாப்பிடலைன்னா ஒண்ணு."

"பச்சரிசி திங்கிறீங்களா?"

தூக்கிவாரிப் போட்டது. அரிசி புடைக்கும்போதும் களையும்போதும் ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வது என் பழக்கம். கொஞ்ச நாளாக அது நாலைந்து பிடியாகியிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். குடிப்பவர் ஒளித்துவைத்த பாட்டிலை யாரோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. தலையை ஆட்டினேன்.

"சாப்பாடு எப்ப சாப்பிடுவீங்க?"

"அவர் சாப்பிட்டப்புறம்."

"அவர் சாப்பிடலைன்னா?"

அவர் குடித்துவிட்டு வந்து தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்ட ராத்திரிகளில் சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு நானும் படுத்திருக்கிறேன். மறுநாள் அந்தப் பழையதும் ஊறுகாயும்தான் எனக்கு. அவருக்கோ பாரில் முட்டைப் பொடிமாஸ், வறுத்த ஈரல், சுண்டல். குடித்தவருக்குக் கவனிப்புப் பலமாகவே இருந்திருக்கிறது.

கீழேயே ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஆஸ்பத்திரியில சேரும்போது இவருக்கு இருந்த ரத்தத்தைவிட இன்னைக்கு உங்களுக்கு இருக்கறது குறைவு. பச்சரிசி திங்கத் தோணுறதும் அதனாலதான்," என்றார். பிறகு கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு கணவரைப் பார்த்தார். "சாப்பாட்டைப் பத்தி ஊர்ல எல்லாருக்கும் சொல்றீங்களாமே?"

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் நான் வழக்கம்போலத் தட்டு ஒன்றை எடுத்து வைத்தேன். அவர் எழுந்துபோய் இன்னொரு தட்டை எடுத்துவந்து எதிரில் வைத்தார். "நீயும் உக்காரு."

"நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்..."

"அந்த அப்புறம்தான் உன்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்துச்சு. உக்காரு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது அடுத்தவர் வீட்டு விசேஷங்களில் மட்டும்தான். அன்றைக்கு அவர் ரசம் நன்றாக இருக்கிறது என்றார். நான் புளி கொஞ்சம் தூக்கல் என்றேன். அவர் ஆமாம் என்றார். அதற்கே கண் கலங்கிவிட்டது எனக்கு. புளி தூக்கல்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் நோயாளி, அவர் காவல். சாப்பாட்டுக்குப் பின் டீயைத் தடுத்தார். இரும்புச் சத்து மாத்திரைக்கு எலுமிச்சைச் சாறு பிழிந்து வைத்துக்கொண்டு நின்றார். அரிசி டப்பாவை எட்டாத பரணில் தூக்கி வைத்துவிட்டு, வேண்டும்போது அவரே இறக்கி அளந்து கொடுத்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "நான் என்ன உங்க கன்வேயரா, நேரா ஓடுறேனான்னு பார்த்துக்கிட்டே நிக்கிறதுக்கு?" என்று கத்திவிட்டேன். "கன்வேயர் இப்படி எதிர்த்துப் பேசாது," என்று சொல்லி எலுமிச்சைச் சாற்றை நீட்டினார்.

ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் பஸ் போய் ரொம்ப நேரமாகியும் ஆளைக் காணோம். போன் எடுக்கவில்லை. சுண்டல் ஆறிப்போனது. எதிர் வீட்டு அக்கா, "வந்துடுவாருங்க, வேற எங்க போகப் போறாரு" என்றாள். அவர் வேறு எங்கே போவார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். கேட் சத்தம் கேட்டு ஓடினேன். என்னையறியாமல் மூக்கு முன்னால் போனது. அவர் கவனித்துவிட்டார்.

"ஊதிக் காட்டட்டுமா?"

"அப்படியெல்லாம் இல்லைங்க..."

ஹா என்று என் முகத்திலேயே ஊதினார். வெறும் வெற்றிலை வாசனை. பிறகு பையை நீட்டினார். மந்தாரக்குப்பத்தில் கறிக்கடையில் கூட்டத்தில் நின்று ஆட்டு ஈரல் வாங்கி வந்திருக்கிறார். அதுவரை எங்கள் வீட்டில் ஈரல் என்றால் அவருடைய ஈரலைப் பற்றிய பேச்சுதான். அன்று ராத்திரி முதல் முறையாக எனக்காக ஒரு ஈரல் வாணலியில் வெந்தது. மிளகைக் கொட்டிக் காரமாக்கி வைத்திருந்தார். முழுவதையும் சாப்பிட்டேன்.

ஸ்கேன் பார்த்ததில் கர்ப்பப்பையில் சின்னக் கட்டி. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், மாத்திரை போதும் என்றார்கள். சில மாதங்களில் உதிரப்போக்கு குறைந்தது. பச்சரிசி ஆசையும் எப்போது போனதென்று தெரியாமல் போயிற்று. அவர் இன்றுவரை குடியைத் தொடவில்லை. நாளையைப் பற்றி அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

போன தடவை பரிசோதனைக்குப் போனபோது எனக்கு ரத்தம் நன்றாக ஏறியிருந்தது. டாக்டர் பாராட்டியதெல்லாம் என்னைத்தான். ஆனால் பரீட்சையில் பாஸான மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவர் அவர். திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் ஒரு அம்மா, பேப்பர் கப் டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தார். இன்னொரு கையில் பன். கணவர் எட்டி, சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து சேராது என்று தொடங்கி, நெல்லிக்காய், முருங்கை, ஈரல் என்று வடலூர் வரும்வரை விளக்கினார். அந்த அம்மா டீயைக் குடிக்கவும் முடியாமல், ஊற்றவும் முடியாமல் கேட்டுக்கொண்டே வந்தார். இறங்குவதற்கு எழுந்தபோது அந்த அம்மா என் காதருகில் குனிந்தார்.

"உங்க வூட்டுக்காரரு டாக்டருங்களா?"

"இல்லைங்க. மைன்ஸ்ல, கன்வேயர் செக்‌ஷன்."

"அங்க இதெல்லாங்கூட சொல்லிக் குடுக்குறாங்களா!" என்று வியந்துகொண்டே இறங்கிப் போனார். அது இவர் காதில் விழுந்துவிட்டது. அடுத்த ஸ்டாப்பில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்த ஆள் மடியில் பரோட்டாப் பொட்டலம் வைத்திருந்தான்.