என்னைக் காட்டி யாரென்று கேட்டார்கள்

பர்மாவின் யாங்கோனிலிருந்து விமானத்தில் வந்து, விடியற்காலையில் நைரோபியில் பேருந்து ஏறினோம், நானும் எட்டு வயது மகளும். எல்லை தாண்டி, தான்சானியாவின் அருஷா நகரில் ஒரு ரத்தினக்கல் கடையில் என் மனைவி வேலை பார்க்கிறாள். ஒன்றரை வருடமாக மகள் அவளைப் போனில்தான் பார்க்கிறாள். சாயங்காலத்துக்குள் நேரில் பார்த்துவிடலாம். வழியெல்லாம் தூசி, மாட்டு மந்தைகள், நடுவில் டயர் வேறு மாற்றினார்கள். பக்கத்து சீட்டுப் பெண்மணி மகளுக்கு வேர்க்கடலை கொடுத்துக்கொண்டே வந்தார். எனக்குத்தான் இடுப்பு கழன்றுவிட்டது.

எல்லையில் இறங்கும்போது உச்சி வெயில். அதிகாரி எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளையின் பெயரில் உங்கள் பெயர் எங்கே என்று கேட்டார். எங்கள் யாங்கோனில் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது. அவளுக்குப் பர்மியப் பெயர், எனக்கு முஸ்லிம் பெயர். பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். முழுக்கப் பர்மிய எழுத்து. மனிதர் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பிள்ளையிடமே கேளுங்கள் என்று நானாகத்தான் சொன்னேன்.

அவர் என்னைக் காட்டி, இவர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மகள் அவருடைய சட்டையைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா சொல்ற? வாப்பாவத் தெரியலியா?" என்று தமிழில் கேட்டேன். பேசக் கூடாது என்று அவர் கையை நீட்டித் தடுத்தார். மறுபடியும் அவளிடம் கேட்டார். மறுபடியும் அதே பதில், தயக்கமே இல்லாமல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது நான் சொல்லிக்கொடுத்த பதில்.

யாங்கோனின் தாமுவே பகுதியில் எங்கள் வீட்டில் மனைவியின் தம்பி இருக்கிறான். பட்டாளத்துக்குப் பிடித்துப் போகிற வயது, அதனால் வெளியே தலைகாட்டுவதில்லை. வீட்டைச் சோதிக்க எப்போது வேண்டுமானாலும் வருவார்கள். யூனிஃபார்ம் போட்டவர்கள் எந்த ஆளைக் காட்டி, எந்தப் படத்தைக் காட்டிக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். நானே விறைப்பாக நின்று கேட்டுப் பழக்கியிருந்தேன். சரியாகச் சொன்னால் அவள் மாமா கைதட்டுவான்.

குழந்தைகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் அவளை ஒப்படைக்கப் போவதாகச் சொன்னார்கள். மனைவியைக் கூப்பிடலாமென்றால் என் போனில் சிக்னல் இல்லை. ஒரு பெண் காவலர் அவள் கையைப் பிடித்து நடத்திப் போனார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். வெளியே டிரைவர் எங்கள் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். மைத்துனன் ஒளிந்திருக்கும் கதையை யூனிஃபார்ம் போட்டவர்களிடம் எப்படிச் சொல்வது?

வேர்க்கடலைப் பெண்மணிதான் குறுக்கே போனார். மகள் முன்னால் குந்தி உட்கார்ந்து, என்னைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார். மகள் அவருடைய பூப்போட்ட கவுனைப் பார்த்தாள். காதோடு காதாக ஏதோ சொன்னாள்.

"அப்பாவாம்" என்று அவர் உரக்கச் சொன்னார்.

பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றார் அதிகாரி. மகள் என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன்.

"யூனிஃபார்ம் போட்டவர்களிடம் சொல்லக் கூடாது. அப்பா சொல்லியிருக்கிறார்."

அதிகாரி பாஸ்போர்ட்டின் அட்டையில் இருந்த நாட்டின் பெயரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஒன்றும் கேட்காமல் இரண்டிலும் முத்திரை குத்தினார்.

பேருந்து கிளம்பியது. மகள் எப்போதும்போலப் பர்மிய மொழியில் கேட்டாள். "வாப்பா, இனிமே சொல்லலாமா?"

"இங்க சொல்லலாம்மா."

"வீட்டுக்குப் போனப்புறம் மாமாவ யாருன்னு கேட்டா?"

"தெரியாதுன்னுதான் சொல்லணும்."

சரி என்று கடலையை உடைத்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடியும் என் பக்கம் திரும்பினாள்.

"அங்க உங்கள யாருன்னு கேட்டா?"