சங்கீதப் பாறையில் என் விதைப்பூண்டு

போன வாரம் எங்கள் மலையூரான போளூரில், என் வீட்டுக்கு மேலே உள்ள பாதையில் ஒரு ஜீப் வந்து நின்றது. மப்ளர் சுற்றிய நாலு மதுரைக்காரர்கள் இறங்கினார்கள். செருப்பைக் கழற்றினார்கள். நான் பூண்டு காயவைத்திருந்த பாறையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்!

"என்னம்மா நீங்க... சங்கீதப் பாறையில போய்ப் பூண்டக் காயப்போட்டிருக்கீங்க? எடுங்கம்மா வெரசா!"

எடுக்கவா? வெயில் முதலில் விழுந்து கடைசியில் போகிற பாறை ஊரிலேயே அது ஒன்றுதான். ஈரம் போகாவிட்டால் விதைப்பூண்டு அழுகிவிடும். அப்புறம் அடுத்த போகத்துக்கு எதை ஊன்றுவது... இவர்கள் மப்ளரையா?

அந்தப் பாறையின் சங்கீதம் எனக்குத் தெரியாதா? பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் கோயில் திருவிழாவுக்கு ஒரு நாயனக்காரர் மலையேறி வந்தார். களைப்பாற அங்கே உட்கார்ந்து நாயனத்தை வாயில் வைத்தார். குளிரில் வாய்வைத்து ஊதுகிற சீவாளி விறைத்துப்போயிருந்தது. பூ... பூ... வெறும் காற்று! கீழே கட்டியிருந்த என் எருமைதான் 'ம்ம்மே' என்று பதில் கொடுத்தது. கச்சேரி அவ்வளவுதான்.

பிறகு அவர் பெரிய வித்வான் ஆனார். என் கொழுந்தன் சந்தைக்குச் சந்தை கதையை வளர்த்தான். முதலில், "எங்க பாறையில உக்காந்தாரு." மறு வருஷம், "ஊதுனாரு, மஞ்சு எறங்கிருச்சு." எங்கள் ஊரில் மஞ்சுமூட்டம் தினமும்தான் இறங்குகிறது — அதற்கு நாயனம் எதற்கு?

மதுரைக்காரர்களிடம் உள்ளதைச் சொன்னேன். "அன்னைக்கு ஒழுங்காப் பாடுனது என் எருமைதாங்க."

"அபச்சாரம்!" என்று காதைப் பொத்திக்கொண்டார் ஒருவர். இன்னொருவர் பூண்டை அள்ளக் குனிந்தார்.

உண்மை செல்லாத இடத்தில் என்ன செய்வது? குரலைத் தாழ்த்தினேன். "அள்ளுங்க, அள்ளுங்க... இந்தப் பூண்டு வாசத்துலதான் அன்னைக்கு அவருக்கு மூச்சே பிடிபட்டுச்சு. பூண்டு இல்லேன்னா இது வெறும் கல்லுதான், பாத்துக்கங்க."

குனிந்தவர் அப்படியே நின்றார். சிதறிக் கிடந்த பூண்டையெல்லாம் பொறுக்கி, பயபக்தியோடு வரிசையாக அடுக்கினார்!

பெயர் பெற்ற இடங்களெல்லாம் இப்படித்தானோ? யாரோ ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார். பின்னால் வந்தவர்களுக்கு ஏதாவது ஒரு சோலி ஆகவேண்டியிருந்திருக்கும், அதற்கொரு கதை கட்டியிருப்பார்கள்.

இந்த வாரம் மூன்று ஜீப் வந்தது. யாரும் பூண்டை எடுக்கச் சொல்லவில்லை. தொண்டைக்கு நல்லது என்று ஆளுக்கொன்றைக் கண்ணில் ஒற்றி மடியில் கட்டிக்கொண்டு போனார்கள்.

பாறையைக் காப்பாற்றிவிட்டேன்... பூண்டைக் காப்பாற்றத்தான் இனி இன்னொரு கதை கட்டவேண்டும்.