அண்ணனும் மீன்வண்டியின் சேஸிஸும்

எங்கள் அண்ணனை மண்ணில் வைத்து ஒரு வருடம் நிறைகிற இந்த நாளில், ஜெபத்துக்கு வந்து இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் வண்டிக்காரர்களுக்கும் வணக்கம். முதல் பக்கத்தில் படம் உண்டு. அடுத்த பக்கத்தில் அண்ணனுக்குப் பிடித்த ஞானப்பாட்டு உண்டு. மூன்றாவது பக்கம் முதல் என் பொறுப்பு. "நாலு நல்ல வார்த்தை எழுது, போதும்" என்று அண்ணனின் மனைவி, எங்கள் மைனி, சொன்னார்கள். நாலில் நிற்காது. "இவனுக்க வாயில பிரேக்கு பிடிக்காது" என்று அண்ணனே என்னைப் பற்றிப் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் பாறசாலைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவே, நிலவுடைமைக்காரரான ஒரு ஜென்மியின் தென்னந்தோப்பு மூலையில் இருந்த ஓலைக்குடிலில் பிறந்தார். அப்பா அந்தத் தோப்பில் தேங்காய் வெட்டுகிறவர். அதே தோப்பில் மழை நனைத்த ஒரு தென்னையிலிருந்து விழுந்து, அம்மா கஞ்சி கொண்டுபோவதற்கு முன்பே உயிரை விட்டார். அப்போது அண்ணனுக்குப் பதினாறு வயது. எனக்குப் பல் முளைக்கவில்லை. மறுவாரமே அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டு, நெய்யாற்றின்கரையில் ஒரு டிங்கர் கடையில் சேர்ந்தார். தகரத்தை அடித்து நிமிர்த்துகிற வேலை. விரலில் அடிபடாத நாள் இல்லையாம்.

பிறகு, ஜென்மி நிலத்தில் குடில் கட்டி வாழ்கிற குடிகிடப்புக்காரருக்குப் பத்து சென்ட் சொந்தம் என்று சட்டம் வந்தது. சட்டம் வந்ததே தவிர நிலம் வரவில்லை. குடில் இருந்தால்தானே குடிகிடப்பு? அதனால் ஒரு காலையில் ஜென்மியின் காரியஸ்தன் ஆறு ஆட்களோடு குடிலைப் பிரிக்க வந்தான். அண்ணன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கையில் கடையின் கூடம் இருந்தது, எட்டு ராத்தல் எடையுள்ள பெரிய சுத்தியல்.

"மாறி நில்லுடா" என்றான் காரியஸ்தன்.

"நின்னாச்சு. இனி நீ மாறு."

முதல் அடி அண்ணன் தலையில் விழுந்தது. இரண்டாவது தோளில். மூன்றாவது அடிக்குக் கம்பை ஓங்கினவனின் முழங்காலில் கூடம் இறங்கிவிட்டது. அவன் அலறிய அலறலில் தோப்பிலிருந்த காக்காய்கள் முழுவதும் எழும்பினவாம். அண்ணன் மறுபடி ஓங்கியபோது அம்மா குறுக்கே விழுந்து சொன்னது இதுதான்: "எலே, கொன்னுராத! நீ செயிலுக்குப் போனா பத்து சென்ட்டை ஆருக்குத் தருவானுவ?"

கூரையைப் பிரித்துவிட்டார்கள். சுவரை உதைத்துத் தள்ளிவிட்டார்கள். நடுத்தூணை மட்டும் பிடுங்க முடியவில்லை. அண்ணன் அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அடித்துப் பார்த்தார்கள். மிதித்துப் பார்த்தார்கள். தலையிலிருந்து வழிந்த ரத்தம் தூணில் இறங்கிக் காய்ந்தது. மறுநாள் மத்தியானம் வில்லேஜ் ஆபீசிலிருந்து ஆள் வருகிற வரை அவர் கையை விடவில்லை. வந்தவர் சுற்றும் முற்றும் பார்த்து, "வீடு இல்ல. ஆனா ஆளு உண்டு" என்று எழுதிக்கொண்டு போனார். இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் பந்தல் அந்தப் பத்து சென்டில்தான் நிற்கிறது. பக்கத்து ஷெட்டும் அதில்தான்.

அந்த ஷெட்டில் அண்ணன் என்ன செய்தார் என்பது உங்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. "வெல்டிங்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். அண்ணனின் வேலை பிக்கப் வண்டிகளின் பாடியும் சேஸிஸும். அடியில் நீளத்துக்கு ஓடுகிற இரண்டு இரும்புச் சட்டங்கள்தான் சேஸிஸ். அதன்மேல் முன்னால் கேபின், பின்னால் சுமை ஏற்றுகிற பாடி. இரண்டும் தனித்தனி. அதனால் சேஸிஸ் வளைந்தால் அது முதலில் தெரிவது கேபினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான். மேலே ஒரு விரல், கீழே மூன்று விரல் என்று அந்த இடைவெளி விரிந்திருந்தால் வண்டி நடுமுதுகில் தொய்கிறது என்று அர்த்தம். கதவு சாத்தாது. பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும். வண்டிக்காரர்கள் கதவின் கீலைக் குறை சொல்வார்கள், டயரைக் குறை சொல்வார்கள். அண்ணன் அடியில் படுத்து, சிறு சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு மணிபோலப் பேசும். துரு தின்ற இரும்பு 'டொக்' என்று நின்றுவிடும்.

எங்கள் பக்கத்து வண்டிகளைத் தின்றது கடல்தான். கடற்கரையிலிருந்து ஐஸ் போட்ட மீனை ஏற்றி அம்பூரி மலைக்குப் போவார்கள். வழி முழுக்க உப்புத்தண்ணீர் ஒழுகும். திரும்பும்போது ரப்பர் ஷீட்டை மலைபோல ஏற்றி, அதன்மேல் ஆளும் ஏறி உட்கார்ந்து மலையிறங்குவார்கள். உப்பு ஒரு பக்கம் தின்னும், சுமை மறுபக்கம் முறிக்கும்.

வளைகுடா நாடுகளை நாங்கள் பெர்ஷியா என்போம்; பெர்ஷியா போகிற காற்று எங்கள் ஊரிலும் அடித்தது. ஷார்ஜாவில் ஒரு பெரிய வண்டிப் பட்டறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, அண்ணன் வெல்டிங் செய்து காட்டப் பம்பாய்க்குப் போனார். போனது பத்து நாள். எனக்குக் கல்லூரி விடுமுறை. நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று சமன்பாடு எழுதத் தெரியும். ஷெட்டைத் திறந்து வைத்தேன்.

அப்போதுதான் மிக்கேல் அண்ணாச்சி தன் மீன்வண்டியைக் கொண்டுவந்தார். அவர் ஓட்டுகிறவர், வண்டியும் அவருடையது. அவருடைய தம்பி யேசு அண்ணன் சுமை இறக்க உடன்போவார். பாடியின் தரைத்தகடு ஓட்டையாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றினேன். அடியில் பார்த்தபோது, பெட்டிபோல மூடிய சட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் வரிசையாகத் துளைகள் இருந்தன.

"இதுவழியாக்கும் மீன்தண்ணி உள்ள கேறுது" என்றேன் நான்.

"அடைச்சு விடு மக்கா" என்றார் மிக்கேல் அண்ணாச்சி. "வள்ளத்துக்கு அடைக்க மாதிரி அடி. ஒரு சொட்டு கேறப்பிடாது."

கடலோரத்துக்காரர், மீன்பிடிக்கப் போகிற வள்ளத்தை ஓட்டை அடைத்தே காத்தவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவர் கொடுத்த மரச்சில்லுகளை ஒவ்வொரு துளையிலும் அடித்து இறக்கி, மேலே தாரைக் காய்ச்சி ஊற்றினேன். பார்க்க அழகாக இருந்தது. தண்ணீர் ஏறுகிற வழியைக் கண்டுபிடித்தது என் சொந்த மூளை. அண்ணன் திரும்பி வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் பாஸாகிவிட்ட சந்தோஷத்தில் அது மறந்தே போயிற்று.

அந்தத் துளைகள் தண்ணீர் உள்ளே வருவதற்கு அல்ல, வெளியே போவதற்கு. தண்ணீர் மேலே போல்ட் ஓட்டைகள் வழியாக இறங்கும். கீழே வழியில்லாவிட்டால் உள்ளேயே கிடந்து தின்னும். வள்ளத்துக்குத் தண்ணீர் வெளியே. வண்டிக்கு உள்ளே.

இரண்டு மழைக்காலம் போயிற்று. அண்ணனுக்கு விசா வந்தது. மறுவாரம் கிளம்ப வேண்டும். பெட்டியில் பெயர் எழுதிக் கயிறு கட்டி வைத்திருந்தோம். அப்போது அம்பூரி இறக்கத்தில் மிக்கேல் அண்ணாச்சியின் வண்டி கேபினுக்குப் பின்னால் இரண்டாக முறிந்தது. பின்பாடி சுமையோடு புரண்டது. ரப்பர் ஷீட்டின் மேல் உட்கார்ந்திருந்த யேசு அண்ணனின் இடது கால் சட்டத்துக்கும் பாறைக்கும் நடுவே நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மிக்கேல் அண்ணாச்சி நாலு பேரோடு ஷெட்டுக்கு வந்தார். கையில் துடுப்பும் ஸ்பிரிங் பட்டையும். முறிந்த சட்டத்தில் ஒரு முழத் துண்டை அண்ணன் காலடியில் எறிந்தார்.

"பாரு! உனக்க ஷெட்டில செய்த வேலையாக்கும். கண்ணத் தொறந்து பாரு!"

அண்ணன் அதை எடுத்துச் சரித்தார். கறுப்புத் தண்ணீரும் துருச்செதிலும் கொட்டின. தாரைச் சுரண்டினார். மரச்சில்லு தெரிந்தது. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடிச்சது உனக்க தம்பி. நான் கண்ணால கண்டேன். தண்ணி கேறுற வழின்னு அவன் சொன்னதுனாலயாக்கும் நானும் அடைக்கச் சொன்னது" என்றார் மிக்கேல் அண்ணாச்சி. "நீ சொல்லிச் செய்தானா, இல்ல அவனுக்க இஷ்டத்துக்குச் செய்தானா? அது மட்டும் இப்பம் எனக்குத் தெரியணும்."

"நான் பறஞ்சுதான் செய்தான்" என்றார் அண்ணன். "அடியில ஓட்டை கண்டா அடைன்னு பம்பாய் போறதுக்கு முந்தியே பறஞ்சேன். அவனுக்கு என்ன தெரியும்?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணனின் முழங்கை என் நெஞ்சில் இடித்தது. மூச்சு நின்று நான் தகரக் குவியலில் விழுந்தேன். "மிண்டாதலே" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

பிறகு நடந்ததை ஊர் அறியும். ஷெட்டின் கூரையை அடித்து நொறுக்கினார்கள். அண்ணனைத் துடுப்பால் அடித்தார்கள். ஸ்பிரிங் பட்டை முதுகில் விழுந்து தோலைக் கிழித்தது. முழங்காலில் கூடத்தை இறக்கிய அந்த மனிதர் அன்று கையைக்கூட ஓங்கவில்லை. கடைசியில் அவருடைய வலதுகையைப் பட்டறைக்கல்லில் பிடித்து வைத்தார்கள். "எனக்க தம்பிக்குக் காலு போச்சு. உனக்குக் கை போவட்டு" என்று மிக்கேல் அண்ணாச்சி அழுதுகொண்டே அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில், "நான் போய் உள்ளதைச் சொல்லிருவேன்" என்றேன்.

"சொன்னா எனக்க கை திரும்பி வருமா? உனக்க கையும் போவும். அம்மைக்கு ரெண்டு முடவன் எதுக்குலே?"

விசாக் காலம் முடிந்தது. கட்டு பிரித்த அன்று அண்ணன் இடதுகையால் செய்த முதல் வேலை என் கன்னத்தில் விழுந்த அறை. "இரும்பில ஓட்டை போட்டவன் மூளை இல்லாமலா போட்டான்? அடைக்கதுக்கு முந்தி, எதுக்குன்னு கேட்டியா?" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஊர்தான் பேசியது. 'பெர்ஷியா போற அவசரத்தில் வேலையைக் கெடுத்தவன், ஒருத்தன் காலை எடுத்தவன்' என்று. இந்தப் பந்தலில் இருப்பவர்களிலும் சிலர் பேசியிருக்கிறீர்கள்.

இடதுகையால் சுத்தியல் பிடிக்கப் பழகினார். துருவைக் கண்டால் அவருக்கு வெறி பிடிக்கும். கல்ஃபிலிருந்து வந்த ஒருவர் புதிதாகப் பெயிண்ட் அடித்த பிக்கப் ஒன்றைப் பெருமையாகக் கொண்டுவந்தார்.

"பெயிண்ட் பாத்தீங்களா அண்ணே? முகம் பாக்கலாம்."

"கேபின்ல முகம் பாத்தாச்சு. இனி சேஸிஸ்ல பாப்போம்" என்று அண்ணன் கூடத்தால் ஒரே போடு போட்டார். கூடம் சட்டத்துக்குள் புதைந்து நின்றது. வண்டிக்காரர் அண்ணனின் சட்டையைப் பிடித்தார். அண்ணன் அவரைக் கழுத்தைப் பிடித்துக் குனியவைத்து, "இதில பிள்ளைகளையா ஏத்துவ?" என்று அந்த ஓட்டைக்குள் பார்க்கவைத்தார். இன்று ஜெபத்துக்கு அவர் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

போன வருடம் ஒரு பழைய பாடியை உடைக்கும்போது துருப்பிடித்த தகடு அண்ணனின் தொடையைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ஒன்பதாம் நாள் தாடை இறுகியது. வில்போல உடம்பு வளைந்து வளைந்து விழுந்தது. மெடிக்கல் காலேஜில் மூன்று பேர் பிடித்தும் கட்டில் ஆடியது. ஜன்னி கொஞ்சம் விட்ட நேரத்தில் நான் காதருகே, "அண்ணா, இனியாவது நான் சொல்லட்டா?" என்று கேட்டேன். கண் திறந்திருந்தது. வாய் திறக்கவில்லை. அவர் தலையாட்டினார் என்று எழுத ஆசைதான். ஆட்டவில்லை.

அடக்கத்துக்கு மிக்கேல் அண்ணாச்சியும், கம்பு ஊன்றிக்கொண்டு யேசு அண்ணனும் வந்தார்கள். மண் போட்டார்கள். "உனக்க அண்ணன் செய்தது மறக்காது. ஆனாலும் கெட்டவன் இல்ல. நான் பொறுத்தாச்சு" என்று மிக்கேல் அண்ணாச்சி என் தோளைத் தட்டினார். தப்பே செய்யாத ஒருவரை அவர் மன்னித்துவிட்டுப் போகிறார். நான் கைகூப்பி நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், மூன்று நாள் தூங்காமல் பார்த்த நர்சுகளுக்கும், குழி வெட்டிய சபை வாலிபர்களுக்கும், பாலராமபுரத்திலிருந்து கோடி வேட்டி கொண்டுவந்த மைனி வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதை எழுதுவதற்கு முன் அம்மாவிடமும் மைனியிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன். அம்மா என்னோடு பேசவில்லை. மைனி, "எழுது" என்றார்கள்.

மிக்கேல் அண்ணாச்சிக்கு வாசிக்கத் தெரியாது. அச்சாபீசிலிருந்து வரும் முதல் பிரதியை நானே கடற்கரைக்குக் கொண்டுபோய், அவர் வீட்டு முற்றத்தில் நின்று, யேசு அண்ணனும் கேட்க, இதை உரக்க வாசிப்பேன். இது உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். அவர்கள் என்ன செய்தாலும் தடுக்க மாட்டேன். பந்தலில் உங்களுக்குக் காப்பி தரும்போது என் வலதுகை எப்படி இருக்கும் என்று தெரியாது. இந்த வரி வரைக்கும் அந்தக் கையால்தான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி