முதல் பல்லுக்கு ஒரு கன்று

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் சாரெக் மலை அரசாங்கத்தின் காப்புக் காடு. அங்கே கரடிக்கும் பாதுகாப்பு உண்டு, கழுகுக்கும் உண்டு. என் அண்ணன் நிஹ்கேவுக்குத்தான் பல் முளைக்கிற குழந்தைகளிடமிருந்து பாதுகாப்பு கிடையாது.

குழந்தையின் முதல் பல்லை யார் முதலில் பார்க்கிறாரோ அவர் அதற்கு ஒரு கலைமான் கன்று தரவேண்டும். மான் மேய்க்கும் எங்களிடம் அது வழக்கம். அதனால் கைக்குழந்தை இருக்கும் கூடாரத்துக்குள் அண்ணன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் நுழைவான். காப்பியை அடுப்பைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டு ஓடிவிடுவான். சரியான கஞ்சன் என்று எல்லோரும் சிரிப்போம்.

இந்த வருடம் சிரிக்க முடியவில்லை. குளிர்காலத்தில் மழை பெய்து, பனியின்மேல் ஐஸ் இறுகிவிட்டது. அடியிலிருக்கும் பாசியைத் தோண்டித் தின்ன முடியாமல் அவனுடைய மான்கள் ஏறக்குறைய எல்லாமே செத்துப்போயின. கோடையில் கன்றுகளின் காதில் சொந்தக்காரர் அடையாளம் வெட்டப் பட்டியில் அடைத்தபோது, அவனுக்கென்று இருந்தது ஒரே ஒரு பெட்டைக் கன்று. அதை வைத்துத்தான் மந்தையைத் திரும்பப் பெருக்கவேண்டும்.

அன்று நானும் என் வீட்டுக்காரரும் கன்றுகளைப் பிடிக்கச் சுருக்குக் கயிறோடு ஓடிக்கொண்டிருந்தோம். அண்ணனுக்குக் கால் சுளுக்கு. வேறு வழியில்லாமல் என் மகள் எல்லேயை அவன் மடியில் போட்டுவிட்டுப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் “ஆ!” என்று அலறினான். கடிபட்ட விரலை உதறிவிட்டு, பதற்றத்தில் அவள் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தும் விட்டான்.

“என்ன நிஹ்கே, வசமா மாட்டிக்கிட்டியா?” என்று பட்டிக்குள்ளிருந்து கத்தினாள் ரிஸ்டின் அக்கா. எங்கள் கூட்டத்திலேயே பெரிய வாயாடி அவள்.

நான் ஓடிப்போய் ஒரு பொய்யை எடுத்துவிட்டேன்.

“அண்ணே, அது நேத்தே மொளச்சிடுச்சு. நான் பாத்துட்டேன். நானே கன்னு குடுத்துக்கிறேன், நீ சும்மா இரு.”

அவன் முகம் சிவந்துவிட்டது. “நேத்தாவது முந்தாநேத்தாவது! நான்தாண்டி மொதல்ல பாத்தேன்!”

“உனக்கு இருக்கிறதே ஒண்ணு...”

“அதனால? குடுக்க வக்கில்லாதவன்னு ஊரு பேசணுமா? மந்தை போனா போகட்டும். இவளுக்கு நான் மாமன்டி!”

ரிஸ்டின் அக்கா தன் சுருக்குக் கயிற்றை அவனிடம் நீட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எல்லேயை என்னிடம் கொடுத்துவிட்டு, நொண்டிக்கொண்டே போய்க் கன்றைப் பிடித்தான். எல்லேவுக்கு ஞானஸ்நானத்தின்போது ஒதுக்கிய அடையாளத்தை அதன் காதில் வெட்டினான். விட்டதும் அது தாயைத் தேடிப் பாய்ந்தது. என் இடுப்பிலிருந்து மகளைப் பிடுங்கித் தோளில் தூக்கிக்கொண்டான்.

“அந்தா ஓடுது பாரு, உன் மந்தை” என்றான்.