தகட்டில் விழுந்த கைரேகை

இது கட்டிவிட்ட கதை இல்லை. யுவராணி என் எதிரில் உட்கார்ந்து, காப்பி ஆறி ஆடை படிவதுகூடத் தெரியாமல் சொன்னது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் இருங்கள். இது பட்டப்பகலில் நடந்தது. ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, உச்சி வேளை.

தேனியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடம். மாடியில் மூன்று அறை, கீழே ஞாயிறென்றால் பூட்டிக் கிடக்கும் கடைகள். ஏலக்காயில் சாயம் ஏற்றியிருக்கிறார்களா, மஞ்சள் தூளில் கலப்படமா, நாட்டு மருந்துக்குள் இங்கிலீஷ் மருந்தை ஒளித்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிற வேலை. யுவராணி அங்கே சேர்ந்து ஏழெட்டு மாதம் இருக்கும். புருஷன் இறந்துவிட்டான், பிள்ளை கிடையாது. வாடகை வீட்டில் ஒற்றை ஆளாகக் கிடப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் பொழுதே போகாது. அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு லேபிலாவது போய் இருக்கலாம் என்று சாவியை வாங்கி வைத்துக்கொள்வாள். அன்றைக்கும் அப்படித்தான் வந்தாள்.

கையில் இருந்தது சர்க்கரை நோய்க்கான மூலிகைச் சூரணம். முதலாளி பொன்னுராஜ் திங்கட்கிழமை ரிப்போர்ட் கேட்டிருந்தார். போன முறை இதைத் தயாரிக்கிற கம்பெனி அனுப்பிய பொடியையும் இவள்தான் பார்த்து, சுத்தம் என்று எழுதிக் கொடுத்தாள். அதோடு விட்டாளா? மார்க்கையன்கோட்டையில் இருக்கும் அண்ணன் ஈஸ்வரபாண்டிக்கும் சர்க்கரை. "நானே டெஸ்ட் பண்ணுனதுண்ணே, தைரியமாச் சாப்புடு" என்று கடையில் டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே உறவு அந்த அண்ணன்தான். சாப்பிட்டியா என்று கேட்கிற ஒரே ஆள்.

அன்று காலையில்கூடப் பேசியிருந்தார்.

"ரெண்டு மூணு நாளா கை நடுங்குது தாயி. இந்த ஆடிக் காத்துலயும் வேர்த்து ஊத்துது."

"மதினி எங்கண்ணே?"

"கட்டப்பனைக்கு, மக வீட்டுக்குப் போயிருக்கா. நான் மட்டுந்தேன் இருக்கேன்."

"டாக்டர் குடுத்த மாத்திர போடுறியா?"

"அதையும் போடுறேன், ஒம் பொடியையும் சாப்புடுறேன். நீ ஒண்ணும் வெசனப்படாத. தண்ணி பாய்ச்சப் போகணும், வைக்கிறேன்."

சாயங்காலம் நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று புது டப்பா ஒன்று வாங்கிப் பையில் போட்டிருந்தாள். பை நாற்காலியில் இருந்தது.

வேலை இதுதான். வெள்ளைப் பூச்சுப் பூசிய, விரித்த கை அளவு அலுமினியத் தகடு. அடியில் பென்சில் கோடு. கோட்டின் மேல் ஒரு பக்கம் சூரணக் கரைசலில் ஒரு பொட்டு, பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அசல் சர்க்கரை மாத்திரை மருந்தில் ஒரு பொட்டு. கண்ணாடித் தொட்டியில் கொஞ்சம் கரைப்பான் ஊற்றி அதில் தகட்டை நிறுத்தினால், ஈரம் மெல்ல மேலே ஏறும். ஏறும்போதே கலந்திருப்பதைத் தனித்தனியாகப் பிரித்துவிடும். மாத்திரை மருந்து எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதே உயரத்தில் சூரணத்துக்கும் கறை தெரிந்தால் திருட்டு வெளிப்பட்டது.

யூவி விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள்; அந்த வெளிச்சத்தில் மருந்து கறுப்புக் கறையாகத் தெரியும். சூரணத்தின் பக்கம் அந்த உயரத்தில் ஒன்றுமே இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அண்ணன் சாப்பிடுகிற பொருளாயிற்றே!

கடைசியாக அயோடின் ஜாடி. அந்த ஆவி பட்டால் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் பழுப்பாக எழும்பும். விரல் பட்ட எண்ணெய்ப் பசைகூடத் தெரியும். அதனால்தான் இந்த வேலையில் தகட்டின் முகத்தை யாரும் தொட மாட்டார்கள்.

தகட்டைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் எடுத்தாள்.

சூரணத்தின் தடத்துக்கு மேலே ஒரு கட்டைவிரல் ரேகை.

"சனியனே, தொட்டுட்டியாக்கும்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஆனால் கையில் உறை இருந்தது. காலையிலிருந்து கழற்றவே இல்லை.

சரி, பழைய பெட்டித் தகடு, யார் கையோ முன்னமே பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தாள். இந்த முறை இடுக்கியால்தான் பிடித்தாள். வெளியே ஆடிக்காற்று தகரக் கூரைகளை அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. பின்னால் எங்கேயோ கண்ணாடி மூடி ஒன்று தட்டுகிற சத்தம்.

டக்...

திரும்பினாள். யாரும் இல்லை.

இரண்டாவது தகட்டையும் ஜாடியிலிருந்து எடுத்தாள். இப்போது நான்கு விரல். நுனிகள் எல்லாம் அவளைப் பார்த்திருந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, எதிரே இருந்து கையை நீட்டினால்தான் அப்படி விழும்.

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே சுவர். மேசைக்கு அடியில் அவள் தள்ளி வைத்திருந்த ஸ்டூல் வெளியே வந்திருந்தது... யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி.

நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நானாயிருந்தால் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியிருப்பேன். அவளுக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் ஓடி எங்கே போவது? அந்த ஆளில்லா வீட்டுக்கா? அழுகை வந்தது. அழுதுகொண்டே அலமாரியிலிருந்து புதுப் பெட்டியை எடுத்து, சீல் பிரித்து, மூன்றாவது தகட்டில் பொட்டு வைத்தாள்.

ஈரம் ஏறி முடிகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் எதுவும் வரவில்லை. எதுவும் தொடவில்லை.

ஜாடிக்குள் போட்டாள்.

பழுப்பு மெல்ல எழுந்தது...

முழுக் கை.

ஐந்து விரலும் மேலிருந்து கீழே இழுபட்டிருந்தன. விழப்போகிறவர் கிடைத்ததைப் பிடித்து, பிடி நழுவி...

தொப்.

நாற்காலியிலிருந்து பை விழுந்தது. உள்ளே இருந்த டப்பா வெளியே வந்தது. உருண்டது. அவள் காலில் முட்டி நின்றது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனிக்காரன் லேபுக்கு அனுப்புகிற பொடி ஒன்று. கடையில் விற்கிற பொடி...

டப்பாவை உடைத்தாள். நாலாவது தகடு. யூவி பெட்டிக்குள் முகத்தை வைத்துப் பார்த்தாள். மாத்திரை மருந்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், கன்னங்கரேலென்று ஒரு கறை.

இந்தத் தகட்டில் ரேகை எதுவும் விழவில்லை.

டாக்டர் மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். நடுக்கம், வேர்வை, மயக்கம், அப்புறம்... அண்ணனுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. பக்கத்து வயல்காரன் விஜய்பாண்டியைக் கூப்பிட்டாள்.

"ஏலே, அண்ணன் வயல்ல இருக்காரான்னு ஓடிப் போய்ப் பாருடா! கையில சீனி எடுத்துக்க!"

"என்னக்கா ஆச்சு?"

"ஓடுடா!"

வரப்பில், தென்னை மரத்தடியில் கிடந்தார் ஈஸ்வரபாண்டி. சட்டையெல்லாம் நனைந்து, வாய் குழறி, ஆனால் கண் திறந்தபடி. சீனியைக் கரைத்து வாயில் விட்டு, சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், மயங்கித் தூங்கியிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

யுவராணி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான்தேன் ஒன்னையக் கொல்லப் பாத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"விடு தாயி" என்றார் அவர். "அந்தம்மா யாரு, நீ அனுப்புனதா?"

"எந்தம்மா?"

"வெள்ளக் கோட்டு போட்டுக்கிட்டு வந்தாக. கண்ணு சொருகுறப்பல்லாம் தூங்காதீக, தூங்காதீகன்னு உலுப்பிக்கிட்டே இருந்தாக. கை ஐசு மாதிரி. ஆளு வார வரைக்கும் நான் கூட இருக்கேன்னு சொன்னாக."

யுவராணி விஜய்பாண்டியைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

"அங்கன ஆரும் இல்லக்கா. இவுக மட்டுந்தேன் கெடந்தாக."

மறுநாள் லேபுக்கு வந்தாள். மூன்று தகடும் மேசையில் வெள்ளையாகக் கிடந்தன. அயோடின் கறை காற்றில் பறந்துவிடும், அது இயல்புதான். நாலாவது தகட்டைப் படம் எடுத்து வைத்திருந்தாள். அதைப் பொன்னுராஜ் முன்னால் நீட்டி, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"பழைய பாக்ஸ்ல எடுத்திருப்பம்மா. அதுல அவ கை பட்டிருக்கும்."

"எவ கை சார்? மூணாவது புது பாக்ஸ். நான்தான் சீல் பிரிச்சேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒனக்கு முன்னால இந்த எடத்துல சொர்ணலதான்னு ஒரு பொண்ணு. ஒன்ன மாதிரியே ஒத்தையாளு. அவளுக்கும் சுகர். நாம பாஸ் பண்ணுனது தானே சார்னு சொல்லி, இதே பொடியக் கடையில வாங்கிச் சாப்புட்டா. சுகர் எறங்கித்தான் போயிருக்கான்னு டாக்டர் சொன்னாரு; நான் ஹார்ட் அட்டாக்குன்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சேன்."

"எங்க செத்தாக?"

"இந்த மேசைக்கு அந்தப் பக்கம். ஞாயித்துக்கிழம. நான் சர்ச்சுல போன சைலன்ட்ல போட்டிருந்தேன். அவ கூப்புட்டுக்கூப்புட்டுப் பாத்திருக்கா. வீட்டுக்குப் போயும் நான் எடுத்துப் பாக்கல. திங்கக்கிழம வந்துதான் கதவத் தொறந்தேன்."

அவர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மத்தியானமே விழுந்துட்டாம்மா. ஆனா பொழுது சாயிற வரைக்கும் உசுரு இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு."