மரண சகாய சங்கம் என் ஆய்வுக் கட்டுரைக்கு வாக்கெடுத்த பின்னேரம்

டிரக்டர்ப் பெட்டியில் இருந்து இரும்புக் கதிரைகளை இறக்கும் அந்தச் சத்தம்... டணார், டணார்.

எழுபதுகளில் பாலையூற்றில் அந்தச் சத்தம் கேட்டால் ஒழுங்கை முழுக்க வாசலுக்கு வந்துவிடும். ஊரில் சாவு விழுந்தால் சந்தாக் காசில் உதவுகிற மரண சகாய சங்கத்தின் மடக்குக் கதிரைகள் அவை. செத்த வீட்டைத் தவிர வேறு எங்கும் போகாது.

அன்று மட்டும் மாதா கோயில் மண்டபத்தில் இறங்கின. "ஆர் மோசம் போனது?" என்று சைக்கிளில் ஓடி வந்தவர்களிடம் அம்மா சொன்னார், "ஒருத்தரும் இல்லை. என்ர மகளின்ர கட்டுரை வாசிக்கப் போகினம்."

கடைசியில் சாகப் பார்த்ததும் அந்தக் கட்டுரைதான்!

நான் அப்போது கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கிராம அபிவிருத்திப் பகுதியில் வேலை. பின்னேரங்களில் எங்கள் சங்கத்தைப் பற்றி இங்கிலீசில் ஒரு ஆய்வு எழுதினேன். சங்கத்துக்கு அலுவலகம் இல்லை, சம்பளத்துக்கு ஆள் இல்லை. துறைமுகத் தொழிலாளியும் கிளாக்கரும் மீன்பிடிக்கிறவர்களும் சேர்ந்து நடத்துகிற சங்கம் எப்படி உடையாமல் ஓடுகிறது என்பதுதான் விசயம். அரச நிர்வாகம், லாபம் பார்க்காத அமைப்புகள் பற்றி வெளிநாட்டில் இருந்து வரும் ஒரு ஆய்விதழுக்கு அதை அனுப்ப ஆசை. அதில் வந்தால் மேற்படிப்புக்கு இடம் நிச்சயம் என்று எனக்குப் படிப்பித்த பேராசிரியர் எழுதியிருந்தார். வராவிட்டால்... ஓய்வூதியம் வரை அதே மேசை, அதே பைல்.

ஆய்விதழ்க்காரர் இரண்டு நிபந்தனை வைத்திருந்தார்கள். கட்டுரையை மதிப்பிடுபவர்களுக்கு எழுதியவர் பெயரோ ஊர்ப் பெயரோ, அதில் வருபவர்கள் பெயரோ தெரியக்கூடாது. அதோடு சங்கத்தின் சம்மதக் கடிதமும் வர வேண்டும்.

சம்மதம் என்ன பெரிய விசயம், எங்கள் ஆட்கள்தானே என்று நினைத்தேன். எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்!

அன்று மண்டபத்தில் ஒவ்வொரு பந்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். தலைவர் சவரிமுத்து அண்ணை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கண்ணை மூடியபடி முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"பிள்ளை, எங்கட பேர் எங்கை?"

"பேர் போட ஏலாது அண்ணை. ஊர்ப் பேரும் போடக்கூடாதாம்."

"அப்ப என்னெண்டு போட்டிருக்கிறியள்?"

"கிழக்குக் கரையில ஒரு சங்கம் எண்டு..."

மண்டபம் கொதித்தது.

இது விளங்க வேண்டுமென்றால் எங்கள் மரண அறிவித்தல்களைத் தெரிந்திருக்க வேண்டும். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், தகப்பன், மாமன், மைத்துனர் என்று ஒரு தாள் நிறையப் பெயர் வரும். ஒரு மைத்துனர் விடுபட்டால் போதும், அந்தக் குடும்பம் செத்த வீட்டு வாசலோடு திரும்பிப் போய்விடும். சந்தா சேர்ப்பதும் பந்தல் போடுவதும் லேசு. பெயர் விடுபடாமல் பார்ப்பதுதான் சங்கத்துக்குப் பெரிய தலையிடி. அந்தச் சபைக்கு முன்னால் ஒருவர் பெயரும் இல்லாத தாள் கட்டோடு நான்!

பொருளாளர் தங்கேஸ்வரியக்கா எழும்பினார். எங்கள் ஒழுங்கையில் சட்டை தைப்பவர். "ஒரு மருமகன்ர பேர் விடுபட்டாலே என்ன பாடு எண்டு உமக்குத் தெரியும். நீர் முழுச் சங்கத்தையுமெல்லே விட்டுட்டீர்!"

பின்வரிசையில் ஒருவர், "பேரில்லாட்டி அது மொட்டைக் கடுதாசிதானே" என்றார். கச்சேரிக்குத் தினமும் வந்து குவிகிற சாமான் அது. எனக்குச் சுள்ளென்று ஏறியது.

வாக்கெடுப்பு நடந்தது. சம்மதம் கொடுக்கலாம் என்பவர்கள் கை தூக்க வேண்டும். ஒரு கையும் இல்லை. அம்மா அரைவாசி தூக்கி, தங்கேஸ்வரியக்காவைப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிவது போல இறக்கிவிட்டார்.

கண் கலங்கிவிட்டது. மேற்படிப்பு அந்தக் கதிரைகளுக்கு நடுவில் போய்விட்டது என்றே நினைத்தேன். தாள்களைச் சுருட்டியபடி கோபத்தில் கத்தினேன்.

"நன்றி சொல்லுறதுக்கு ஒரு பக்கம் இருக்கு. அது வேற தாள், மதிப்பிடுறவைக்குக் காட்ட மாட்டினம். அதிலயெண்டாலும் உங்கட பேரைப் போட்டிருப்பன்... இனி என்ன!"

கதிரையில் இருக்கப் போன தங்கேஸ்வரியக்கா அப்படியே நின்றார். "அந்தத் தாள் அச்சில வருமோ?"

"ஓம். கட்டுரையை எடுத்தினமெண்டால் கடைசியில வரும்."

"எத்தினை பேர் போடலாம்?"

"அது ஒண்டும் சொல்லேல்லை."

"சொல்லேல்லையோ?" என்றார் சவரிமுத்து அண்ணை. சட்டைப் பையில் இருந்து பேனை வெளியே வந்தது.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது... உயிரோடு இருக்கிறவர்களுக்கு மரண அறிவித்தல் எழுதின மாதிரி! பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர். இவர் திரியாயில் பிறந்தவர், அவர் தம்பலகாமத்தில் பெண் எடுத்தவர். யார் பெயர் முதலில் என்று ஒரு சண்டை வந்து, அகர வரிசையில் முடிந்தது. மறுபடி வாக்கெடுப்பு. இந்த முறை அம்மா இரண்டு கையையும் தூக்கினார்.

அனுப்பினேன். மாதக்கணக்கில் பதில் இல்லை. அதற்குள் எனக்குப் புதுப் பயம் பிடித்தது. கட்டுரையை ஏற்றுக்கொண்டு, நன்றியைச் சுருக்கு என்று எழுதிவிட்டால்? அந்த மண்டபத்தில் இன்னொரு முறை நிற்க எனக்குத் தெம்பு இல்லை.

ஒருநாள் கச்சேரிக்குக் கடிதம் வந்தது. சில திருத்தங்களோடு ஏற்றுக்கொள்கிறார்களாம். நன்றிப் பகுதி தாங்கள் கண்டவற்றிலேயே நீளமானதாம். எந்தப் பெயரை வெட்டுவது என்று தெரியாததால் அப்படியே விடுகிறார்களாம்.

அப்பாடா! நான் விட்ட மூச்சில் பக்கத்து மேசைக்காரர் பயந்து எழும்பிவிட்டார். மேற்படிப்பு நினைவுக்கு வரவே கொஞ்ச நேரம் எடுத்தது.

இதழ் வந்தபோது தங்கேஸ்வரியக்கா கட்டுரையைத் திறந்தும் பார்க்கவில்லை. நேரே கடைசிப் பக்கம். விரலை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராக வந்தார்.

"சரி. ஒருத்தரும் விடுபடேல்லை" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

போன கிழமை என் மகள் ஒரு ஆய்வுக் கட்டுரை அனுப்பினாள். கம்பியூட்டரில் ஒரு கிளிக்... அவ்வளவுதான். தேத்தண்ணிகூட ஆறவில்லை.

"அந்த ஆக்களிட்டைச் சம்மதம் கேட்டனியோ?" என்றேன்.

"ஓம் அம்மா, எல்லாரும் போர்ம்ல சைன் வைச்சவை. ஒருத்தரும் வாசிக்கேல்லை."

நல்ல வசதிதான். கார்பன் தாள் இல்லை, தபாலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நான் பட்ட பாடு அவளுக்கு இல்லையே என்று எனக்கும் நிம்மதி.

ஆனாலும்... என் பிள்ளையின் கட்டுரையைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு எழும்ப ஒருவர்கூட இல்லையே என்று கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.