என் மகளின் வாசகர்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் என் மகள் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே, அன்றைக்குப் போட்ட பதிவுக்கு ஆள் வந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். பின்னலின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தால் வந்திருக்கிறார்கள். நகத்தைக் கடித்தால் இல்லை.

அப்போது நாங்கள் கிருஷ்ணகிரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். கணவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. எனக்கு ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் வகுப்புகள். மகள் படிப்பை முடித்துவிட்டுப் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். வாரம் முழுக்க கம்பெனி பஸ் அவளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போவாள். திரும்பி வந்து, பார்த்ததைப் படங்களோடு எழுதுவாள். இணையத்தில் ஆளாளுக்கு வலைப்பதிவு தொடங்கிய காலம் அது. வீட்டுக்கு வீடு இணைப்பு வந்த புதிது.

அவள் போன இடங்களைச் சுற்றுலாத் தலம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உத்தனப்பள்ளிக்கு அருகே தக்காளிக் கூடைகள்மேல் பனி இறங்கும் விடியற்காலை. தூரத்தில் லாரிகள் வரிசையாக நின்றபடி தூங்கும் நெடுஞ்சாலை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பெயர் எழுதிய ஒரு டீக்கடை, மூன்றிலும் திட்டத் தெரிந்த அதன் டீ மாஸ்டர். பள்ளி விட்டு வந்த மத்தியானங்களில் நான் தனியாக உட்கார்ந்து அவற்றைப் படிப்பேன். நான் தினமும் கடந்துபோகும் பாலம் அவள் படத்தில் தண்ணீருக்கும் மூடுபனிக்கும் நடுவே எதன்மேலும் நிற்காமல் இருந்தது. இதே ஊரில்தான் இருக்கிறோமா என்று ஜன்னலைத் திறந்து பார்த்திருக்கிறேன். வெளியே கேஸ் சிலிண்டர் வண்டி போய்க்கொண்டிருக்கும்.

பதிவுக்குக் கீழே படித்தவர்கள் எழுதும் பின்னூட்டங்களும் இருந்தன. குவைத்தில் ஒருவர். சிங்கப்பூரில் ஒரு பெண், குழந்தை தூங்கும் நேரத்தில்தான் படிப்பாளாம். பெங்களூரில் இரவு வேலை பார்க்கும் யாரோ. வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், வாரம் தவறாமல் பிரவுசிங் சென்டருக்கு வந்து படித்துவிட்டுப் போகிறவர். பெயர் போடாமல் கிண்டல் மட்டும் செய்துவிட்டுப் போகும் ஓர் அனானி. முகம் தெரியாத இவர்களையெல்லாம் மனதுக்குள் உட்கார வைத்துப் பார்ப்பேன். மூலைக்கு ஒருவராக, வெவ்வேறு வெளிச்சத்தில், எல்லோரும் என் மகள் போகும் மண்பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது அழகாகவும் இருக்கும். பயமாகவும் இருக்கும். ஏனென்றால் அடுத்த வாரம் எங்கே போவது என்பதை அவர்களிடமே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். யார் சொன்ன ஊருக்கு அதிகம் பேர் கை தூக்குகிறார்களோ, அந்த ஊர்.

"எங்க போற, என்னைக்குப் போறன்னு உலகத்துக்கே சொல்லிட்டுப் போறியேடி. எவன் எப்படிப்பட்டவன்னு யாரு கண்டா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சா என்னம்மா பயம்? யாருக்கும் தெரியாமப் போனாத்தான் பயம்."

"பேச்சுக்குக் குறைச்சல் இல்ல."

"அப்பா, இங்க பாருங்க. அம்மா பின்னூட்டம் போடுறாங்க."

அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். அந்த வீட்டில் பயப்படும் வேலையை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

அந்தப் பயத்துக்கும் ஒரு மருந்து இருந்தது. அதைச் சொல்லவேண்டும். எல்லை தாண்டினால் செல்ஃபோனுக்கு ரோமிங் என்று காசு பிடித்த காலம். வருகிற அழைப்புக்குக்கூடப் பிடிப்பார்கள். ஓசூர் தாண்டிப் பெங்களூர் பஸ் அத்திப்பள்ளியை நெருங்கும்போது, யாரும் சொல்லாமலே பஸ் முழுக்கக் கைகள் சட்டைப்பைக்குப் போகும். சிலர் சிம் மாற்றுவார்கள். எங்களைப் போன்றவர்கள் ஃபோனை அணைத்துவிடுவோம். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் தானாக உண்டாகியிருந்தது. ஃபோன் அடித்து எடுக்காவிட்டால்தான் கவலை. அணைந்திருந்தால், பார்டர் தாண்டியாயிற்று, நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று பொருள். எத்தனையோ முறை அந்த அணைந்த ஃபோனைக் கேட்டு நிம்மதியாக உலை வைத்திருக்கிறேன்.

அந்தத் தை மாதம் பின்னூட்டங்களில் ஒரு சண்டை வந்தது. வேப்பனப்பள்ளிக்கு அருகே ஒரு பாறைமேல் ஏறி நின்றால் தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா மூன்றையும் ஒரே படத்தில் பிடித்துவிடலாம் என்று தோப்புக்காரர் எழுதினார். முடியாது என்றார் குவைத்காரர். அவரும் அந்தப் பக்கத்து ஆள்தான். "மூணும் ஒரே புழுதிதானே, எது எந்த ஸ்டேட்டுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? கலர் அடிச்சு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார் அனானி. இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அதுவரை வராதவர்களெல்லாம் வந்தார்கள். மகள் பின்னல் நுனியை விடவே இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை போறேன். படத்தோடு தீர்ப்பு" என்று எழுதிவிட்டாள். வேப்பனப்பள்ளிக்காரர், தானே வந்து பாறையைக் காட்டுவதாகவும், வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றும் பதில் போட்டார்.

காலையில் பனி விலகுவதற்கு முன்பே கிளம்பினாள். "அப்படியே கர்நாடகா பக்கம் ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டு வாரேன்மா" என்றாள். வண்டியின் சிவப்பு விளக்கு தெருமுனையில் பனிக்குள் கரைந்தது.

வீட்டு வேலை முடித்து அவளை அழைத்தேன். அணைந்திருந்தது. அதற்குள் தாண்டிவிட்டாளா என்று ஒரு கணம் தோன்றியது. ஸ்கூட்டியை வேகமாக ஓட்டுகிறாள், திட்டவேண்டும் என்று மட்டும் நினைத்தேன். கணவர் ஷிஃப்ட் முடிந்து மதியம் வந்தார்.

"ஆஃப்ல இருக்கா? அப்ப அந்தப் பக்கம் போயிருப்பா. சோத்தைப் போடு."

சாப்பிட்டோம். பிறகு நான் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கத்தை அதற்கு முன்னும் பின்னும் தூங்கியதில்லை. கனவில் நானே அவள் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். சாலையின் இரண்டு பக்கமும் மாமரங்கள் பூத்திருந்தன. வாசனை பாலேடு போலக் கனமாக இருந்தது. வண்டிக்குச் சத்தமே இல்லை. ஒரு கோட்டைத் தாண்டினேன், இன்னொன்றைத் தாண்டினேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. விழித்தபோது முகத்தில் சிரிப்பு இருந்ததை நானே உணர்ந்தேன். இன்றுவரை என்னை உலுக்குவது அந்தச் சிரிப்புதான்.

டீ போட்டு எடுத்துக்கொண்டு, சண்டை எந்த அளவில் இருக்கிறது பார்ப்போம் என்று கணினியைத் திறந்தேன். கடைசியாக இருந்தது வேப்பனப்பள்ளிக்காரர் எழுதியது.

"காலையிலருந்து பஸ் ஸ்டாண்டுலயே நின்னுட்டு இப்பத்தான் பிரவுசிங் சென்டருக்கு வந்தேனுங்க. வீட்ல சமைச்சு வெச்சுட்டுக் காத்திருக்காங்க. மேடம் வரலீங்களே?"

அதற்குக் கீழே அனானி: "அண்ணே, அக்கா உங்களுக்கு அல்வா குடுத்துட்டாங்க."

டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. வேப்பனப்பள்ளி வந்த பிறகுதானே பார்டர்? வேப்பனப்பள்ளிக்கே வராதவள் பார்டரை எப்படித் தாண்டியிருப்பாள்? அப்படியானால் அந்த ஃபோன் ஏன் அணைந்திருக்கிறது? காலையிலிருந்து நல்ல செய்தியாகக் காதில் விழுந்த அதே குரல், இப்போதும் அதையே சொன்னது. தொடர்புகொள்ள இயலவில்லை.

கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டி பிடிக்க ஓடினார். நான் என் வாழ்க்கையின் முதல் பின்னூட்டத்தைத் தட்டினேன். தமிழில் தட்ட அவள் ஒருமுறை சொல்லிக்கொடுத்திருந்தாள். எழுத்துகள் இரண்டிரண்டாக விழுந்தன. நான் அவளுடைய அம்மா. காலையில் கிளம்பினாள். எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. யாராவது பார்த்தீர்களா? கீழே வீட்டுத் தொலைபேசி எண். முகம் தெரியாதவர்களுக்கு எதையெல்லாம் கொடுக்காதே என்று சொல்லிவந்தேனோ, அதையெல்லாம் நானே கொடுத்துவிட்டேன்.

பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தேன். அவள் மாலைகளில் செய்வதும் இதைத்தானே என்று எங்கிருந்தோ ஒரு நினைப்பு வந்தது. சிங்கப்பூர் பெண், "நான் இருக்கிறேன், விழித்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். பிறகு குவைத்காரர்.

"அம்மா, பயப்படாதீங்க. அவங்க ஒரு பதிவுலகூட மெயின் ரோட்டுல இருந்து படம் எடுத்ததில்ல. நான் எல்லாத்தையும் பாத்திருக்கேன். எப்பவும் ஏரிக்கரை, இல்லாட்டி வாய்க்கா ஓரம். வேப்பனப்பள்ளிக்கு முன்னாடி ஏரிக்கரையில இருந்து தோப்புக்குள்ள ஒரு வண்டிப்பாதை போகும். மழைக்கு அறுத்துக்கிட்டுக் கெடக்கும். அங்க தேடச் சொல்லுங்க."

பெற்றவள் எனக்கு அது தெரியாது. அத்தனை படங்களையும் பார்த்து மயங்கியிருக்கிறேன். அவள் எங்கே நின்று எடுத்தாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லித்தருகிறவள் நான்.

தொலைபேசி அடித்தது. "அம்மா, நான் வேப்பனப்பள்ளிங்க. இப்பத்தான் படிச்சேன். பொண்ணு என்ன கலர் டிரஸ்ஸுங்க?"

"பச்சை சுடிதார். ஏரிக்கரை, தோப்புப் பாதைன்னு ஒருத்தர் எழுதியிருக்கார்."

"பாத்தேனுங்க. அந்தாளு சொன்னா சரியாத்தான் இருக்கும். என் வீட்டுக்காரியும் வர்றா, நாலு பேரைக் கூட்டிட்டுப் போறேன். நீங்க ஃபோன்கிட்டயே இருங்க. அழாதீங்க தாயி."

ஜன்னலில் வெயில் மஞ்சளாகிச் சிவந்தது. தெருவில் யாரோ மாவு அரைக்கப் போனார்கள். எல்லாம் வெகு தூரத்தில், அவள் படங்களில் இருப்பது போல மிதந்துகொண்டிருந்தன. நான் ஒரு கையால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது பறந்துவிடும் என்பது போல.

அடுத்த முறை அடித்தபோது பேசியது ஒரு பெண் குரல். தெலுங்கும் தமிழுமாக என்னவோ சொன்னார். பிறகு, "இந்தா கண்ணு, பேசு."

"அம்மா."

அதற்குமேல் எனக்குக் கேட்கவில்லை.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. தோப்புப் பாதையில் திரும்பியதும் அவள் ஃபோனில் வேறு மாநிலத்து நெட்வொர்க்கின் பெயர் வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் எல்லைக்கு இப்பாலே அப்படி வரும். காசு போகிறதே என்று, பஸ்ஸில் எல்லோரும் செய்வதைப் போல அணைத்திருக்கிறாள். கொஞ்ச தூரத்தில் மழை அறுத்த பள்ளத்தில் சக்கரம் இறங்கி, வண்டியோடு வாய்க்காலில் விழுந்திருக்கிறாள். வண்டி காலின்மேல். ஃபோன் முள்ளுக்குள். "கண்ணுக்குத் தெரியுற தூரத்துலதான்மா கெடந்துச்சு" என்றாள். கத்தினாளாம். ஞாயிற்றுக்கிழமை, தோப்பில் ஆளில்லை. ஒரு நாய் மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிற்றாம். மேலே முழுக்கப் பூவாக இருந்ததாம், தேனீச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். வலியில் அவளும் நடுநடுவே தூங்கியிருக்கிறாள். நான் தூங்கிய அதே நேரமாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே கேட்டேன்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு அவர்கள் காரில் கொண்டுவந்தபோது, செய்தி கேட்டுத் திரும்பிவந்த கணவரும் நானும் வாசலில் நின்றோம். தோப்புக்காரரின் மனைவி அவள் தலையை மடியில் வைத்திருந்தார். அவர் புடவையெல்லாம் சேறு. டாக்டர் எலும்பைப் பற்றி அதிகம் பேசவில்லை, ரத்த ஓட்டத்தைப் பற்றித்தான் பேசினார். வெகுநேரம் அழுந்தியிருந்ததால் பார்க்கவேண்டும் என்றார். அவள் விரல்களைத் தொட்டு, "அசைங்க பாக்கலாம்" என்றார். அசையவில்லை. கணவர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். கட்டுப் போட்டார்கள், ஊசி போட்டார்கள், காத்திருக்கச் சொன்னார்கள்.

மறுநாள் காலை அவள் கண் விழித்தபோது மறுபடி கேட்டார்கள். போர்வைக்கு வெளியே பெருவிரல் மெதுவாக, யாரோ தூரத்தில் இருந்து இழுப்பது போல, ஒருமுறை மடங்கியது. டாக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவருக்கு அது அவ்வளவுதான்.

மாற்றுத் துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். கணினி திறந்தபடியே கிடந்தது. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் முழுக்க, எங்கெங்கோ விடிந்தும் இருட்டியும், பின்னூட்டங்கள் வந்துகொண்டே இருந்திருக்கின்றன. கிடைத்துவிட்டாள் என்று வேப்பனப்பள்ளிக்காரர் எழுதியிருந்தார். அதன் பிறகும் நிற்கவில்லை. இப்போது எப்படி இருக்கிறாள், ரத்தம் வேண்டுமா, எந்த வார்டு. பாறையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

உட்கார்ந்து தட்டினேன். "விரலை அசைத்துவிட்டாள்."

பக்கத்தைத் திரும்பத் திறப்பதற்குள் ஒரு பதில் வந்திருந்தது. அனானி.

"எந்தக் கால்மா?"

எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கண்ணை மூடி அந்தக் கட்டிலை நினைத்தேன், ஜன்னல் எந்தப் பக்கம், நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று. பிறகு எழுந்து நின்று, அவள் படுத்திருந்த மாதிரி என் கால்களைப் பார்த்துக்கொண்டு, "வலது" என்று தட்டினேன்.